அறுபது என்று நினைத்த டம்ளர்

செந்தில்,

அப்பா எழுதுகிறேன். போனில் நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்ப்பா" என்பாய். நானும் "எனக்கென்னடா, ஜம்முனு இருக்கேன்" என்பேன். அந்த இரண்டும் வேண்டாம் என்றுதான் போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். இப்போது மணி ஆறே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் ஏழு ஆகிவிடும் என்பதைத் தவிர வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. நடுநடுவே எழுந்து போவேன், வந்து எழுதுவேன். கோர்வையாக இல்லையென்றால் திட்டாதே. ஆபீஸ் நோட்டீஸ் எழுதிப் பழகியவனுக்கு மகனுக்கு எழுத வரவில்லை.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, நித்யாவையும் பாப்பாவையும் சென்னைக்குக் கூட்டிப் போக நீ வந்திருந்தாயே, அன்று சாப்பாட்டு மேஜையில் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். எனக்காக ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் வாங்கி வந்திருந்தாய். "பிராந்திய விட்டுட்டு இதுக்கு மாறுங்கப்பா, ஹார்ட்டுக்கு நல்லது" என்றாய். நித்யா தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாமா, இவருக்கு ஆபீஸ் செக்கப்ல லிவர்ல கொழுப்புன்னு வந்திருக்கு. டாக்டர் குடிக்கிறத நிறுத்தச் சொல்லிட்டார். இவர் கேக்க மாட்டேங்கறார்" என்றாள். நீ சிரித்தாய். "தினமும் ரெண்டே பெக். அளவு தாண்டினதே இல்ல. எங்கப்பாவப் பாரு, முப்பது வருஷமா தினமும் அளவா எடுத்துக்கறார். பி.பி. உண்டா, சுகர் உண்டா? கல்லு மாதிரி உக்காந்திருக்கார்" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டு புன்னகை செய்தேன். அந்தப் புன்னகைதான் செந்தில், பத்து நாளாக என்னை உட்கார விடாமல் படுத்துகிறது.

நான் என்ன வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் இருக்கிறது. எடைக்கல்லுக்கும் தராசுக்கும் படிக்கும் முத்திரை போடுகிற ஆய்வாளன். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் எடை மேடை, மலைக்கோட்டைக் கடைவீதியில் நகைத் தராசு, உறையூரில் எண்ணெய் அளக்கும் லிட்டர் என்று சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டரிலும் சுற்றினவன். எடைக்கல்லின் அடியில் குடைந்து ஈயத்தை எடுத்தவனைப் பிடித்திருக்கிறேன். லிட்டரின் அடியை உள்பக்கமாக நசுக்கி வைத்தவனைக் கடை வாசலிலேயே நிற்க வைத்து அளந்து காட்டியிருக்கிறேன். பத்து கிராம் குறைந்தால் எனக்கு மூக்கு வியர்க்கும். "எடைக்கல் சார் வர்றார்" என்றால் தெருவே நிமிர்ந்து உட்காரும். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது, எங்கே போகும்?

அந்தக் கர்வத்தோடுதான் குடித்தேன். குடிகாரன் வேறு, நான் வேறு. குடிகாரன் பாட்டிலோடு குடிப்பான். நான் அளந்து குடிப்பேன். கோடு போட்ட கண்ணாடி அளவை ஒன்று வைத்திருந்தேனே, நினைவிருக்கிறதா? அறுபது மில்லி. ஏழு மணிக்கு ஊற்றுவேன், எட்டு மணிக்குக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு இதெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று காவேரிப் பாலம் தாண்டிப் போய் வாங்கி, மஞ்சப்பையில் அடியில் வைத்து, மேலே முளைக்கீரைக் கட்டைப் பரப்பி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கொண்டு வருவேன். கீழ் வீட்டு மாமி ஒரு நாள் "தினமும் கீரையா சாப்பிடறேள், அதான் உடம்பு அப்படி இருக்கு" என்று சொல்ல, உன் அம்மா உள்ளே போய் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தாள்.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்று ஒவ்வொரு நாளும் டம்ளரைத் தூக்கும்போது சொல்வேன். உன் அம்மா ஒரு முறை சொன்னாள்: "அது அமிர்தத்துக்குச் சொன்னதுங்க. பிராந்திக்குச் சொன்னது இல்ல." வாயை மூடு என்றேன். அவள் மூடிக்கொண்டாள், வேர்க்கடலையை வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அவள் சொன்ன அந்த ஒரு வரியில் டாக்டர் பின்னால் சொன்னது எல்லாம் இருந்தது. எனக்குத்தான் காது இல்லை.

உனக்கு முதல் வேலை கிடைத்த அன்று நடந்தது உனக்கு மறந்திருக்காது. எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. ஆர்டரைக் கொண்டுவந்து காட்டினாய். நான் உன்னை மாடிக்குக் கூப்பிட்டு, "எங்கயாவது கண்ட பசங்களோட கத்துக்காத. குடிக்கிறதுன்னா எப்படிக் குடிக்கணும்னு நான் சொல்லித்தரேன்" என்றேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். அதை எழுத வேண்டும். "எனக்கு வாடையே பிடிக்காதுப்பா" என்றாய். நான் விடவில்லை. அந்தக் கண்ணாடி அளவையைத் தூக்கி, "கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கணும்டா. நடுவுல குழியிற இடம் கோட்டத் தொடணும். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. இப்படிக் குடிச்சா அது மருந்து" என்று பாடம் எடுத்தேன். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாய். எவ்வளவு பெருமை எனக்கு! உலகத்தில் எந்த அப்பன் பிள்ளைக்கு இத்தனை ஒழுங்காகச் சொல்லித் தருவான் என்று அன்று நினைத்தேன். வேண்டாம் என்ற பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தேன், செந்தில். இதைவிடப் பச்சையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

இரு, எழுந்து போய் பால்கனியில் நின்றுவிட்டு வந்தேன். மணி ஏழு ஐந்து. வாய் நமநமவென்கிறது. உன் அம்மா வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பழக்கம் அவளையும் விடவில்லை பார்.

உன் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தோமே, அப்போது சாமான்களை இறக்கி ஏற்றியதில் அந்த அளவை உடைந்து போனது. உன் அம்மா பாத்திர அலமாரியிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். விளிம்புக்குக் கீழே கோடு ஓடும், நீ பார்த்திருப்பாய். கையில் வாங்கிப் பார்த்தேன். கோடு வரைக்கும் ஊற்றினால் அறுபது என்றேன். அளந்து பார்த்தேனா? இல்லை. ஊரில் உள்ள அத்தனை படியையும் தண்ணீர் விட்டு அளந்த நான், என் டம்ளரை அளக்கவில்லை. என் கண் பொய் சொல்லாது என்று நினைத்தேன். அந்தக் கோடு வரைக்கும் நாலு வருஷம் ஊற்றினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் காந்தி மார்க்கெட்டில் நெஞ்சு படபடவென்று தாறுமாறாக அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஓடும், தடுமாறும், நிற்கும், மறுபடி ஓடும். கருவேப்பிலைக்காரம்மா கோணியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அங்கிருந்து நேராக ஒரு டாக்டரிடம் போனேன். பி.பி. ஏறிக் கிடந்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, மாத்திரை சாப்பிடுங்கள் என்றார். குடிப்பீர்களா என்று கேட்டார். "அறுபது மில்லி சார், அளந்துதான்" என்றேன், மார்க் வாங்கின பையன் மாதிரி. "அந்த அறுபதையும் விட்டுடுங்க" என்றார். நான் விடவில்லை. உன் அம்மாவிடம் கேஸ் பிடித்துக்கொண்டது என்று சொன்னேன். மாத்திரையை மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வாக்கிங் போகும்போது விழுங்கினேன். உனக்குச் சொல்லவே இல்லை. பி.பி. உண்டா என்று நித்யாவிடம் கேட்டாயே, உண்டுடா. இரண்டு வருஷமாக உண்டு.

இப்போது டம்ளர் கதைக்கு வருகிறேன். நீ வருவதற்கு மூன்று நாள் முன்னால் நித்யா உறையூரில் அவள் அம்மா வீட்டிலிருந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் பாப்பா பசியில் வீல் வீல் என்று கத்தியது. நித்யா ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டு, "மாமா, காய்ச்சி ஆறின தண்ணி அறுபது மில்லி பால் பாட்டில்ல ஊத்துங்களேன்" என்றாள். அறுபதுதானே? எனக்கா தெரியாது? அலமாரியிலிருந்து என் டம்ளரை எடுத்து, வெந்நீரில் கழுவி, கோடு வரைக்கும் மொண்டு பாட்டிலில் ஊற்றினேன். நித்யா பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, நூத்தி பத்து இருக்கே! பால் பவுடர் தண்ணியாப் போயிடும்" என்றாள்.

நான் என்ன செய்திருப்பேன் சொல்? பாட்டிலில் போட்ட கோடு தப்பு என்றேன். "இந்த பிளாஸ்டிக்காரனுங்க கண்ட இடத்துல கோடு போட்டு விக்கறானுங்கம்மா, முப்பது வருஷம் இதத்தான் பாத்தேன்" என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் பாவம், கூடுதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாலைக் கலந்தாள். உள்ளேயிருந்து உன் அம்மா வந்து, என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்து, "ஐயோ, அந்த டம்ளரையா குழந்தைக்கு எடுத்தீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் பத்து மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வந்தேன். அந்தப் பாட்டில் கம்பெனிக்காரனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவதாக எண்ணம். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி டம்ளரில் விட்டேன். ஆறாவது சிரிஞ்சில் கோட்டைத் தொட வேண்டும். தொடவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பதினோராவது சிரிஞ்சில் தொட்டது. பாட்டில் சரி. நான் தப்பு. அங்கேயே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இது எனக்குத் தோன்றவே இல்லை என்று யோசித்தேன். வாழ்நாள் முழுக்க நான் தேடியது குறைவை. எந்த அளவையைக் கையில் எடுத்தாலும் எவ்வளவு குறைகிறது என்றுதான் பார்ப்பேன். கூடுதலாக அளக்கிற வியாபாரியை எவன் போய்ப் பிடித்தான்? அதனால் என் டம்ளர் எனக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தது கண்ணில் படவே இல்லை. டாக்டரிடம் அறுபது என்று சொன்னது, உன் அம்மாவிடம் சொன்னது, உன்னிடம் சொன்னது எல்லாமே ஏறக்குறைய பாதிக் கணக்கு. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நீ வந்தாய். தெரிந்துகொண்டேதான் சனிக்கிழமை அன்று மேஜையில் புன்னகை செய்தேன். மறுநாள் ஜங்ஷனில் நீ தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது நித்யா, "மாமா, உங்களத்தான் காட்டிக் காட்டிப் பேசறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பார்" என்றாள். "சொல்றேம்மா" என்றேன். ரயில் கிளம்பும்வரை உன்னிடம் இட்லிப் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசினேன்.

ரயில் போனதும் ஜங்ஷனிலிருந்து வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மறுநாள் அதே டாக்டரிடம் போனேன். டம்ளர் விஷயத்தையும் உன் லிவர் விஷயத்தையும் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நன்றி. ஆனால் நான் சும்மா வருவேனா? சண்டை பிடித்தேன். "அளவா குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு பேப்பர்லயே போட்டானே சார்? எங்க பையன்கூட அதத்தான் சொல்றான்." அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்படிப் போட்டாங்கதான் சார். எப்படிச் சொன்னாங்கன்னா, கொஞ்சமா குடிக்கிறவங்கள ஒரு பக்கம் வச்சாங்க, குடிக்காதவங்கள ஒரு பக்கம் வச்சாங்க. குடிக்காதவங்கன்னு வச்ச கூட்டத்துல, முன்னாடி நல்லா குடிச்சு உடம்பு கெட்டு நிறுத்தினவங்களும் இருந்தாங்க. வேற நோய் இருக்கறதாலயே தொடாதவங்களும் இருந்தாங்க. அவங்க பக்கத்துல நிறுத்தினா ஒரு கிளாஸ்காரர் தெம்பாத்தானே தெரிவார்? அதோட, அளவா குடிக்கிறவர் பெரும்பாலும் வசதியா இருப்பார், நடப்பார், ஒழுங்கா சாப்பிடுவார். பலன் அதோடது. பேரு மட்டும் ஒயினுக்குப் போச்சு."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் தொழில் அல்லவா! எதிர்த்தட்டில் வைக்கிற தரக்கல்லே தேய்ந்திருந்தால், இந்தத் தட்டில் வைக்கிற எதுவும் கனமாகத்தானே தெரியும்? முப்பது வருஷம் தேய்ந்த கல்லைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னவன், செய்தித்தாளில் யாரோ எடை போட்டுச் சொன்னதை அப்படியே நம்பினேன். ஏன் நம்பினேன்? எனக்கு வேண்டியதைச் சொன்னது, அதனால் நம்பினேன்.

டாக்டர் பயமுறுத்தவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "கொஞ்சம் குடிச்சவங்க எல்லாம் நாளைக்கே விழுந்துடுவாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா மருந்துன்னு சொல்லிக் குடிக்காதீங்க. பி.பி.க்கு, புத்துநோய்க்கு, உங்க நாடித்துடிப்புக்கு எல்லாத்துக்கும் குறையக் குறைய நல்லது. லிவர்ல கொழுப்பு இருக்கறவருக்கு அளவுங்கற பேச்சே வேண்டாம்" என்றார். கடைசி வாக்கியம் உனக்கு. நிறுத்தும்போது கை நடுங்கினாலோ ரொம்ப வேர்த்தாலோ உடனே வரச் சொன்னார். நிறையக் குடிக்கிறவர்கள் தானாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாதாம், டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமாம். உன் ரெண்டு பெக்கையும் யார் அளந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நீயும் ஒரு சிரிஞ்ச் வாங்கு.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டம்ளர் கதையைக் கேட்டு அவள் அசரவில்லை. "மார்க்கெட்ல கேஸ்னு சொன்னீங்களே?" என்று அதை மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் மாத்திரையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, "ரெண்டு வருஷம் என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு எப்படிங்க மறைச்சீங்க?" என்று அழுதாள். நான் குடித்ததற்கு அவள் ஒரு நாளும் அழுததில்லை.

இன்றோடு ஒன்பது நாள். கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை. ஆனால் ஏழு மணி வந்தால் இந்த வீட்டில் எனக்கு இடம் இல்லை. டிவி போடுகிறேன், நிறுத்துகிறேன். அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் போய் தண்ணீரைப் பார்க்காமலே திரும்பி வருகிறேன். நேற்று செருப்பு மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டேன், கையில் மஞ்சப்பையோடு. பஸ் வந்தது, கண்டக்டர் "ஏறுங்க சார்" என்றார். ஏறவில்லை. கீரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவேன் என்று முப்பது வருஷமாகச் சொன்னவன் நான். நினைத்துப் பார்க்காதவரை அது உண்மையாகத்தான் இருந்தது. உன் சிவப்பு ஒயினை உன் அம்மா வாஷ்பேசினில் ஊற்றிவிட்டாள். நான் ஊற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். என்னால் முடியவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இந்தக் கடிதத்தோடு என் இ.சி.ஜி. நகலும் பி.பி. எழுதின சீட்டும் வைத்திருக்கிறேன். நித்யாவுக்கும் காட்டு. ஒரு படி தப்பு என்று தெரிந்தால், அதில் முன்னால் போட்ட முத்திரையை அடித்து அழித்துவிட்டுத்தான் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்போம். யாராவது பழைய முத்திரையைப் பார்த்து நம்பிவிடக் கூடாது என்பதற்காக. "எங்கப்பாவப் பாரு" என்று நீ யாரிடம் எல்லாம் சொன்னாயோ, அவர்களிடமும் இந்தச் சீட்டைக் காட்டு. எனக்கு வெட்கம் இல்லை. இருக்கிறது, ஆனால் காட்டு.

குடிக்காதே என்று உனக்கு உத்தரவு போடுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஊற்றிக் கொடுத்த கை இது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், அப்பாவாக இல்லை, ஒன்பது நாளாகத் தவிக்கிற ஒருத்தனாக. நீ ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறக்கிற நேரமும் ஏழு மணிதான் என்று நித்யா சொன்னாள். நாளையிலிருந்து அந்த நேரத்தில் எனக்குப் போன் பண்ணு. ஆபீஸ் கதை சொல், பாப்பா குப்புற விழுந்ததைச் சொல், சண்டை வேண்டுமானாலும் போடு. எட்டு மணி வரைக்கும் வைக்காதே. உன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். இப்போது மணி ஏழே முக்கால், தட்டில் ஒரு கடலைகூட மிச்சமில்லை. எனக்காகத்தான் கேட்கிறேன், கூப்பிடுடா.

அப்பா